ஹாம் வானொலிச் சுருக்கக்குறிகள்

ஹாம் வானொலிச் சுருக்கக்குறிகள் என்பவை, அமெச்சூர் வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தம்முள் செய்தி பரிமாறும்போது பயன்படுத்தும் எழுத்துத் தொகுதிகள், எண்கள், சொற்சுருக்கங்கள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். கியூ குறிகள், 73 போன்ற எண்குறிகள், அழைப்புக்குறிகள், ஒலித்தர அறிக்கை எண்கள், இடக்குறிகள் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

இக்குறிகளுட் பல தந்தித் துறையிலிருந்தும் கப்பல் வானொலியிலிருந்தும் பெறப்பட்டவை. நேரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்துவதே இவற்றின் தொடக்க நோக்கம். பின்னர், வெவ்வேறு தாய்மொழி பேசுவோர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் பொதுக் கருவியாகவும் இவை மாறின. பார்ப்பதற்கு இரகசிய மொழி போலத் தோன்றினாலும், இவற்றின் பொருள் வெளிப்படையாக அச்சிடப்பட்ட பட்டியல்களில் உள்ளது. அமெச்சூர் வானொலியில் பொருளை மறைக்கும் குறியீடுகளுக்கு இடமில்லை என்பதால், சுருக்கத்துக்கும் இரகசியத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இக்குறிகள் நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

தோற்றம்

மின்தந்தி பரவிய 19ஆம் நூற்றாண்டிலேயே தந்தி இயக்குநர்கள் சுருக்கங்களைப் பயன்படுத்தத் தொடங்கினர். அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் 1859ஆம் ஆண்டில் 1 முதல் 92 வரையான எண்களுக்குப் பொருள் வரையறுத்த பட்டியலைக் கையாண்டது. இது 92 குறியீடு எனப்படுகிறது. 1879இல் வால்டர் பிலிப்ஸ் என்பவர் செய்தித்தாள் தந்திகளுக்கென விரிவான சுருக்கெழுத்து முறை ஒன்றை வெளியிட்டார்.

கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் பொருத்தப்பட்டபோது புதிய சிக்கல் எழுந்தது. ஒரு நாட்டுக் கப்பலின் இயக்குநருக்கு மற்றொரு நாட்டுத் துறைமுக நிலையத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதற்குத் தீர்வாக, ஏறத்தாழ 1909இல் பிரித்தானிய அஞ்சல் துறை தன் கப்பல்களுக்கும் கடற்கரை நிலையங்களுக்கும் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளை வகுத்தது. 1912 சூலை 5இல் இலண்டனில் கையெழுத்தான பன்னாட்டு வானொலித்தந்தி உடன்படிக்கையின் விதிகளில் இத்தகைய 45 குறிகள் இடம்பெற்றன. அவ்வுடன்படிக்கை 1913 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொழுதுபோக்காக வானொலி நிலையம் அமைத்தவர்கள், தமக்குத் தேவையான குறிகளை இப்பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

இந்தியத் தந்திச் சேவையிலும் சுருக்கம் பழக்கத்தில் இருந்தது. சொல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்பதால் மக்கள் தந்திவாசகத்தைச் சுருக்கி எழுதினர். திருமணம், பண்டிகை போன்றவற்றுக்கான வாழ்த்துத் தொடர்கள் எண்ணிடப்பட்டிருந்தன. எண்ணைக் குறிப்பிட்டால், பெறும் அலுவலகத்தில் முழு வாழ்த்தும் எழுதித் தரப்படும். இச்சேவை 2013 சூலை 15 முதல் நிறுத்தப்பட்டது. தந்தி நின்ற பின்னும் தந்தியின் சுருக்கங்களை அன்றாடம் வழங்கிவருவோர் ஹாம் வானொலியினரே ஆவர்.

சுருக்கத்தின் தேவை

மோர்ஸ் குறியீட்டில் ஒரு புள்ளியின் நீளம் ஓர் அலகு எனக் கொண்டால், ஒரு கோடு மூன்று அலகுகள் நீளும். ஓர் எழுத்துக்குள் வரும் குறிகளுக்கு இடையே ஓர் அலகும், எழுத்துகளுக்கு இடையே மூன்று அலகுகளும், சொற்களுக்கு இடையே ஏழு அலகுகளும் இடைவெளி விடவேண்டும். இக்கணக்கின்படி சுருக்கத்தின் பயனை அளவிட்டுப் பார்க்கலாம்.

"என் இருப்பிடம்" என்ற பொருள்தரும் "மை லொக்கேசன் இஸ்" என்னும் ஆங்கிலத் தொடரை எழுத்தெழுத்தாக அனுப்ப 127 அலகுகள் தேவை. அதே பொருளுடைய கியூ.டி.எச். என்ற குறிக்கு 29 அலகுகள் போதும். நிமிடத்துக்கு 12 சொற்கள் என்ற வேகத்தில் ஒரு வினாடிக்கு 10 அலகுகள் செல்லும். எனவே முன்னதற்கு 12.7 வினாடிகளும் பின்னதற்கு 2.9 வினாடிகளும் ஆகும். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நேரம் மிச்சமாகிறது.

நேரச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. சிற்றலை வானொலியில் குறிப்பலையின் வலிமை நொடிக்கு நொடி மாறக்கூடியது. செய்தி நீளமானால் அதன் நடுப்பகுதி மங்கலில் அழிந்துபோகும் வாய்ப்பும் கூடுகிறது. அத்துடன், கேட்பவர் எந்தக் குறிகள் எந்த வரிசையில் வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதால், ஓரெழுத்து தவறினாலும் அதை ஊகித்து நிரப்பிக்கொள்ள இயல்கிறது.

வகைகள்

கியூ குறிகள்

கியூ குறிகள் அனைத்தும் மூன்றெழுத்துகள் கொண்டவை. எந்த நாட்டின் அழைப்புக்குறியும் கியூ என்ற எழுத்தில் தொடங்குவதில்லை. ஆதலால் இவற்றை நிலையப் பெயர்களோடு குழப்பிக்கொள்ள இடமில்லை. குறியின் முடிவில் வினாக்குறி சேர்த்தால் அது கேள்வியாகிறது, சேர்க்காவிட்டால் விடையாகிறது. எடுத்துக்காட்டாக, கியூ.டி.எச்.? என்றால் "உமது இருப்பிடம் எது?" என்று பொருள். கியூ.டி.எச். அன்னூர் என்றால் "எமது இருப்பிடம் அன்னூர்" என்று பொருள்.

ஹாம் வானொலியில் மிகுதியாகப் பயன்படும் சில குறிகள்:

- கியூ.ஆர்.எல். – இந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளது
- கியூ.ஆர்.எம். – பிற நிலையங்களால் இடையூறு
- கியூ.ஆர்.என். – இடி, மின்னல் முதலிய இயற்கை இரைச்சல்
- கியூ.ஆர்.ஓ. – திறனைக் கூட்டுக
- கியூ.ஆர்.பி. – திறனைக் குறைக்க
- கியூ.ஆர்.எஸ். – மெதுவாக அனுப்புக
- கியூ.ஆர்.டி. – ஒலிபரப்பை நிறுத்துக
- கியூ.ஆர்.எக்ஸ். – காத்திருக்க
- கியூ.ஆர்.இசட். – எம்மை அழைப்பவர் யார்
- கியூ.எஸ்.பி. – குறிப்பலை மங்குகிறது
- கியூ.எஸ்.எல். – பெற்றுக்கொண்டோம்
- கியூ.எஸ்.ஓ. – நேரடித் தொடர்பு
- கியூ.எஸ்.ஒய். – வேறு அலைவரிசைக்கு மாறுக
- கியூ.டி.எச். – இருப்பிடம்

இவற்றுள் சில, காலப்போக்கில் குறி என்ற நிலையிலிருந்து பெயர்ச்சொல் நிலைக்கு மாறியுள்ளன. கியூ.ஆர்.பி. என்பது இன்று குறைந்த திறனில், பொதுவாக 5 வாட் அல்லது அதற்கும் கீழ், ஒலிபரப்பும் ஒரு தனிப் பொழுதுபோக்கின் பெயர் ஆகும். தொடர்பு நிகழ்ந்ததை உறுதிசெய்ய அஞ்சலில் அனுப்பப்படும் படவட்டை கியூ.எஸ்.எல். அட்டை எனப்படுகிறது.

எண்குறிகள்

92 குறியீட்டின் எண்களுள் இரண்டு ஹாம் வானொலியில் நிலைத்துவிட்டன. 73 என்பது "நல்வாழ்த்துகள்" என்ற பொருளில் ஒவ்வோர் உரையாடலின் முடிவிலும் கூறப்படுகிறது. 88 என்பது "அன்பும் முத்தங்களும்" என்ற பொருளுடையது. நெருங்கியவர்களுக்கு மட்டும் உரியது. மோர்ஸ் குறியீட்டில் 73 என்பது

– – . . .   . . . – –

என அமையும். இதனை முன்னிருந்து பின்னாகவோ பின்னிருந்து முன்னாகவோ படித்தாலும் ஒரே ஒலியமைப்பே கிடைக்கும். 73 என்பதே பன்மைப் பொருள் உடையதால், அதனுடன் மீண்டும் பன்மை விகுதி சேர்ப்பது பிழையாகக் கருதப்படுகிறது.

ஒலித்தர அறிக்கை

எதிர்நிலையத்தின் குறிப்பலை எவ்வாறு கேட்கிறது என்பதைத் தெரிவிக்க ஆர்.எஸ்.டி. முறை பயன்படுகிறது. இதனை 1934இல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க ஹாம் வகுத்தார். முதல் எண் தெளிவையும் (1 முதல் 5 வரை), இரண்டாம் எண் வலிமையையும் (1 முதல் 9 வரை), மூன்றாம் எண் தொனியின் தூய்மையையும் (1 முதல் 9 வரை) குறிக்கும். குரல்வழித் தொடர்பில் மூன்றாம் எண் தேவையில்லை. ஆகவே 59 என்பது குரலுக்கும் 599 என்பது மோர்ஸ் குறியீட்டுக்கும் மிகச் சிறந்த அறிக்கை ஆகும்.

இந்தச் சுருக்கமும் மேலும் சுருக்கப்படுகிறது. மோர்ஸ் குறியீட்டில் 9 என்ற எண் 17 அலகுகள் நீளம் கொண்டது. அதற்குப் பதிலாக 5 அலகுகளே கொண்ட என் என்ற எழுத்தை அனுப்புவர். இதனால் 49 அலகுகள் கொண்ட 599, 25 அலகுகளாகக் குறைகிறது. போட்டிகளில் ஏறத்தாழ எல்லோரும் கேட்பின் தரத்தைப் பாராமல் 599 என்றே அனுப்புகின்றனர். ஆகவே அங்கு இவ்வறிக்கை தகவல் என்ற மதிப்பை இழந்து வெறும் சடங்காகிவிட்டது எனலாம்.

செயல்முறைக் குறிகளும் சொற்சுருக்கங்களும்

- சி.கியூ. – எல்லா நிலையங்களுக்கும் பொது அழைப்பு
- டி.இ. – இந்நிலையத்திலிருந்து
- கே. – இனி நீங்கள் அனுப்பலாம்
- ஏ.ஆர். – செய்தி முடிந்தது
- எஸ்.கே. – தொடர்பு முடிந்தது
- டி.எக்ஸ். – தொலைதூர நிலையம்
- ஓ.எம். – ஆண் இயக்குநர்
- ஒய்.எல். – பெண் இயக்குநர்

ஓ.எம். என்பதன் விரிவு "முதியவர்" என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடர் ஆகும். எனினும் வயது வேறுபாடின்றி எல்லா ஆண்களும் இவ்வாறே விளிக்கப்படுகின்றனர். பள்ளி மாணவர் ஒருவரும் பணி ஓய்வு பெற்றவர் ஒருவரும் வானலையில் ஒருவரையொருவர் ஓ.எம். என அழைத்துக்கொள்ளலாம். "இளம்பெண்" என விரியும் ஒய்.எல். என்பதும் இவ்வாறே எல்லா வயதுப் பெண்களுக்கும் பொதுவானது. மனைவியைக் குறிக்கும் எக்ஸ்.ஒய்.எல். என்ற சுருக்கம் "முன்னாள் இளம்பெண்" என விரிவதால் அதனைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு.

அழைப்புக்குறிகள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசு வழங்கும் தனிப்பெயர் அழைப்புக்குறி ஆகும். இதன் முன்பகுதி நாட்டைக் காட்டும். இந்தியாவுக்கு வி.யு., இலங்கைக்கு 4எஸ்7, சிங்கப்பூருக்கு 9வி1, மேற்கு மலேசியாவுக்கு 9எம்2, மொரிசியசுக்கு 3பி8 ஆகிய முன்னொட்டுகள் வழங்குகின்றன. இந்தியாவில் பொது நிலை உரிமம் பெற்றோருக்கு வி.யு.2 என்றும், வரையறுக்கப்பட்ட நிலை உரிமம் பெற்றோருக்கு வி.யு.3 என்றும் தொடங்கும் குறிகள் வழங்கப்பட்டுள்ளன. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வி.யு.4, இலட்சத்தீவுக்கு வி.யு.7 என்பன உரியவை. முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தியின் அழைப்புக்குறி வி.யு.2ஆர்.ஜி. ஆகும்.

இடக்குறிகள்: கொங்கு நாட்டு எடுத்துக்காட்டு

ஊர்ப்பெயரைத் தெரிவிப்பது உள்ளூர் நண்பருக்குப் போதுமானது. ஆனால் பிரேசிலிலோ சப்பானிலோ உள்ள ஒருவருக்கு அன்னூர் எங்குள்ளது என்பது தெரியாது. இதற்காக உலகப் பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கும் மெய்டன்கெட் இடக்குறி முறை பயன்படுகிறது. 1980இல் இங்கிலாந்தின் மெய்டன்கெட் நகரில் நடந்த கூட்டத்தில் இம்முறை உருவானதால் இப்பெயர் பெற்றது.

இதன்படி நிலநெடுக்கோடு 20 பாகையும் நிலநேர்க்கோடு 10 பாகையும் கொண்ட பெரும் கட்டங்கள் இரண்டு எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெரும் கட்டமும் 2 பாகைக்கு 1 பாகை என்ற அளவில் 100 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. தேவைப்பட்டால் மேலும் இரண்டு எழுத்துகள் சேர்த்து இடத்தை நுணுக்கமாகக் காட்டலாம்.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள அன்னூரின் இடக்குறியைப் பின்வருமாறு கணிக்கலாம். அன்னூர் ஏறத்தாழ கிழக்கு 77.1 பாகை, வடக்கு 11.23 பாகையில் அமைந்துள்ளது.

- நெடுக்கோட்டுடன் 180 கூட்டினால் 257.1. இதனை 20ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 17.1. ஏ என்ற எழுத்தைச் சுழியாகக் கொண்டு எண்ணினால் 12ஆவதாக வருவது எம்.
- நேர்க்கோட்டுடன் 90 கூட்டினால் 101.23. இதனை 10ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 1.23. 10ஆவதாக வருவது கே.
- முதல் மீதியான 17.1ஐ 2ஆல் வகுத்தால் ஈவு 8. இரண்டாம் மீதியின் முழுஎண் 1.

எனவே அன்னூரின் இடக்குறி எம்.கே.81 ஆகும். மேலும் நுணுக்கமாகக் கூறினால் எம்.கே.81என்.எப். ஆகும். நான்கு இடம் கொண்ட எம்.கே.81 சதுரம் கிழக்கு 76 முதல் 78 பாகை வரையும், வடக்கு 11 முதல் 12 பாகை வரையும் பரந்துள்ளது. மேட்டுப்பாளையம், அவிநாசி, திருப்பூர், சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், ஈரோடு, உதகமண்டலம் ஆகியன இச்சதுரத்துக்குள் அடங்குகின்றன. பொள்ளாச்சி எம்.கே.80 சதுரத்திலும், கரூர் எம்.கே.90 சதுரத்திலும், சேலம் எம்.கே.91 சதுரத்திலும் உள்ளன. 11 பாகைக் கோடு கோயம்புத்தூரின் ஊடே செல்வதால் போத்தனூர்ப் பகுதி எம்.கே.80இலும் நகரின் வடபகுதி எம்.கே.81இலும் அமைகின்றன. ஒரே நகரில் வாழும் இரு ஹாம்கள் வெவ்வேறு இடக்குறிகளைத் தெரிவிப்பது இதனாலேயே ஆகும்.

ஆறு இடம் கொண்ட குறி இப்பகுதியில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 9 கிலோமீட்டரும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 4.6 கிலோமீட்டரும் கொண்ட பரப்பைக் காட்டுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, மதுரை எம்.ஜே.99, சென்னை என்.கே.03, யாழ்ப்பாணம் என்.ஜே.09, கொழும்பு எம்.ஜே.96, சிங்கப்பூர் ஓ.ஜே.11 ஆகிய சதுரங்களில் உள்ளன.

எடுத்துக்காட்டு உரையாடல்

அன்னூரில் உள்ள நிலையம் அ எனவும், ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் கொழும்பில் உள்ள நிலையம் ஆ எனவும் கொள்க. 7 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் மோர்ஸ் குறியீட்டில் நடைபெறும் சிறு உரையாடல் பின்வருமாறு அமையலாம்.

- அ: கியூ.ஆர்.எல்.? (இந்த அலைவரிசையில் யாரேனும் உள்ளனரா?)
- அ: சி.கியூ. சி.கியூ. டி.இ. அ கே. (எல்லோருக்கும் அழைப்பு, அழைப்பது அ, விடை தருக.)
- ஆ: அ டி.இ. ஆ கே. (அ நிலையத்துக்கு, அழைப்பது ஆ, மேலே தொடர்க.)
- அ: ஆர்.எஸ்.டி. 579 கியூ.டி.எச். அன்னூர் கே. (உமது குறிப்பலை தெளிவானது, ஓரளவு வலிமையானது, எமது ஊர் அன்னூர்.)
- ஆ: ஆர்.எஸ்.டி. 559 கியூ.ஆர்.என். கியூ.டி.எச். கொழும்பு கே. (கேட்கிறது, ஆனால் இடி மின்னல் இரைச்சல் உள்ளது, எமது ஊர் கொழும்பு.)
- அ: 73 எஸ்.கே. (நல்வாழ்த்துகள், தொடர்பு முடிந்தது.)

அன்னூரில் இருப்பவருக்குச் சிங்களமோ, கொழும்பில் இருப்பவருக்குத் தமிழோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. இவ்வளவு செய்திக்கு இருவருக்கும் ஆங்கில இலக்கணம்கூடத் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் இச்சுருக்கங்களின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. வானிலை, கருவி, ஊர், வாழ்த்து ஆகியவற்றைத் தாண்டி ஒரு கருத்தைப் பேச வேண்டுமானால் பொதுமொழி ஒன்று தேவை.

தமிழ்ப் பேச்சில் சுருக்கக்குறிகள்

தமிழில் குரல்வழிப் பேசும்போது கியூ குறிகள் பெயர்ச்சொல் போல நின்று வேற்றுமை உருபுகளையும் துணைவினைகளையும் ஏற்கின்றன. "கியூ.டி.எச். எங்கே?", "கியூ.ஆர்.எம்.மில் கேட்கவில்லை", "கியூ.எஸ்.ஒய். செய்யுங்கள்" போன்ற தொடர்கள் இவ்வகையின. குறியோடு வினாக்குறி சேர்த்தால் கேள்வியாகும் என்ற மோர்ஸ் இலக்கணம் இங்கு மறைந்து, தமிழின் வினாச்சொற்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன.

அழைப்புக்குறியைக் குரலில் கூறும்போது எழுத்துகள் தவறாகக் கேட்காதிருக்க ஆல்பா, பிராவோ, சார்லி எனத் தொடங்கும் பன்னாட்டு உச்சரிப்புப் பட்டியல் பின்பற்றப்படுகிறது. பி, டி, இ, ஜி, வி போன்ற எழுத்துப்பெயர்கள் ஒரே உயிரொலியில் முடிவதால் இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். இதைத் தவிர்க்கவே நீண்ட சொற்கள் பயன்படுகின்றன. சுருக்கத்தை நாடும் இத்துறையிலேயே, தெளிவுக்காக ஓரெழுத்தை ஒரு சொல்லாக நீட்டும் வழக்கமும் உள்ளது.

தவறான விரிவுகள்

சுருக்கமாகத் தோன்றும் எல்லாமே முதலெழுத்துச் சுருக்கங்கள் அல்ல. 1906ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்து அழைப்பு, எளிதில் அடையாளம் காணத்தக்க ஒலியமைப்புக்காகத் தெரிவு செய்யப்பட்டது. "எம் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்" என்ற விரிவு பின்னாளில் கற்பிக்கப்பட்டது. சி.கியூ. என்பதற்கு "உம்மைத் தேடுகிறேன்" என்ற ஆங்கில விளக்கமும் ஒலி ஒற்றுமையால் பிறந்ததே ஆகும். ஹாம் என்ற பெயரும் சுருக்கம் அன்று. திறன் குறைந்த இயக்குநரை ஏளனமாகக் குறிக்கத் தந்தித் துறையில் வழங்கிய சொல் அது. அப்பெயரையே இப்பொழுதுபோக்கினர் பெருமையுடன் ஏற்றுக்கொண்டனர்.

சுருக்கமும் இரகசியமும்

பன்னாட்டு வானொலி ஒழுங்குவிதிகளின் 25ஆம் பிரிவு, வெவ்வேறு நாடுகளின் அமெச்சூர் நிலையங்களுக்கு இடையிலான ஒலிபரப்புகள் பொருளை மறைக்கும் நோக்கில் குறியீடாக்கப்படக் கூடாது எனக் கூறுகிறது. செயற்கைக்கோள்களைக் கட்டுப்படுத்தும் ஆணைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கியூ குறிகள் இவ்விதியை மீறுவதில்லை. ஏனெனில் அவற்றின் பொருள் எவரும் படிக்கத்தக்க பட்டியல்களில் உள்ளது. உரிமம் பெறாத ஒருவரும் ஒரு வானொலிப் பெட்டியையும் அப்பட்டியலையும் கொண்டு உரையாடலைப் புரிந்துகொள்ளலாம். மாறாக, இருவர் மட்டும் தமக்குள் பேசிவைத்துக்கொண்ட சொல், எவ்வளவு எளிய தமிழ்ச் சொல்லாக இருப்பினும், மறைபொருள் ஏற்றப்பட்டால் இவ்விதிக்கு எதிரானது. அதாவது, ஒரு குறி இரகசியமா இல்லையா என்பதை அதன் தோற்றம் முடிவு செய்வதில்லை. அதன் திறவுகோல் பொதுவில் உள்ளதா என்பதே முடிவு செய்கிறது. ஒலிபரப்பு அலை நாட்டெல்லை கடந்து செல்வதாலும், பாதுகாப்புக் காரணங்களாலும் அரசுகள் இவ்வெளிப்படைத்தன்மையை வலியுறுத்துகின்றன.

இந்தியாவில்

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921இல் அமரேந்திர சந்திர குப்தாவுடன் தொடங்கியது. அவரது அழைப்புக்குறி 2ஜே.கே. ஆகும். அவரைத் தொடர்ந்து முகுல் போசு 2எச்.கியூ. என்ற குறியுடன் இயங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இச்செயற்பாடுகள் தடைப்பட்டன. 1948இல் மத்தியப் பிரதேசத்தின் மாவ் படைத்துறைத் தொடர்புப் பள்ளியில் தொடங்கப்பட்ட சங்கம், 1954இல் புது தில்லிக்கு மாறி இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவுகலம் மூலம் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. வி.ஓ.-52 என்றும் அறியப்பட்ட இது 2014 வரை செயற்பட்டது.

2003ஆம் ஆண்டின் உலக வானொலித்தொடர்பு மாநாடு, சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீட்டுத் தேர்வு கட்டாயம் என்ற பன்னாட்டு நிபந்தனையை நீக்கியது. அதன் பின்னரும் இந்தியாவில் பொது நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கேட்கப்பட்டு வந்தது.

ஆழிப்பேரலையும் ஹாம் வானொலியும்

2004 திசம்பரில் ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற குறியுடன் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்பு கொள்வதே அக்குழுவின் நோக்கமாக இருந்தது. இத்தகைய தொடர்புகளில் அழைப்புக்குறியும் 59 என்ற அறிக்கையும் மட்டுமே பரிமாறப்படும். ஒன்று முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது.

திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அதே நிலையம் நெருக்கடித் தொடர்பு நிலையமாக மாறியது. தீவுகளில் இருந்தோரின் நலச் செய்திகள் அதன் வழியே பெருநிலப்பரப்புக்குச் சென்றன. இலங்கையில் விக்டர் குணதிலக உள்ளிட்ட இலங்கை வானொலிக் கழகத்தினர், பாதிக்கப்பட்ட அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர்.

இத்தகைய நேரங்களில் சுருக்கக்குறிகளின் பயன்பாடு இரண்டாகப் பிரிகிறது. இரு இயக்குநர்களுக்கு இடையே அலைவரிசை மாற்றம், காத்திருப்பு, பெற்றுக்கொண்டமை ஆகியவற்றைக் குறிகளால் முடிப்பது நேரத்தை மீதப்படுத்தும். ஆனால் செய்தியின் உள்ளடக்கம், அதாவது பெயர், ஊர், காயம், தேவைப்படும் மருந்து ஆகியவை, முழுச் சொற்களில் இருக்க வேண்டும். ஏனெனில் அச்செய்தி இறுதியில் சென்று சேர்வது குறிப்பட்டியலைப் பார்த்திராத மருத்துவரிடமோ, வட்டாட்சியரிடமோ, உறவினரிடமோ ஆகும். அமெரிக்காவில் பல துறைகள் இணைந்து செயற்படும் பேரிடர்ப் பணிகளில் குறியீட்டு எண்களைத் தவிர்த்து எளிய மொழியையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு துறையும் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு பொருள் வைத்திருந்ததே இதற்குக் காரணம் ஆகும்.

கணினிக் காலம்

கணினியின் வரவால் சுருக்கங்கள் மறையவில்லை. மென்பொருளின் அமைப்புக்குள்ளேயே புகுந்துவிட்டன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சோசப் டெய்லரும் இசுடீவ் பிராங்கும் 2017இல் வெளியிட்ட எப்.டி.8 என்ற முறை இதற்குச் சான்று. இதில் இரு நிலையங்களும் 15 வினாடிக்கு ஒருமுறை மாறிமாறி ஒலிபரப்புகின்றன. ஒரு செய்தியின் கொள்ளளவு 77 பிட்டுகள் மட்டுமே. கட்டற்ற வாசகம் எழுதினால் 13 எழுத்துருக்களுக்கு மேல் இடமில்லை. முன்னர் கூறிய அ, ஆ நிலையங்களின் தொடர்பு இம்முறையில் பின்வருமாறு அமையும்.

- சி.கியூ. அ எம்.கே.81
- அ ஆ எம்.ஜே.96
- ஆ அ –10
- அ ஆ ஆர்–08
- ஆ அ ஆர்.ஆர்.73
- அ ஆ 73

–10, –08 ஆகியவை டெசிபெல் அளவில் கணினியே அளந்த குறிப்பலை வலிமை ஆகும். ஆகவே போட்டிகளில் சடங்காகிவிட்ட 599க்கு மாறாக, இங்கு அறிக்கை மீண்டும் உண்மைத் தகவலாகிறது. ஆர்.ஆர்.73 என்பது "பெற்றுக்கொண்டோம், வாழ்த்துகள்" என்ற பொருளுடையது. இவ்வெழுத்துகள் ஓர் இடக்குறியாகவும் அமையக்கூடியவை. ஆனால் அச்சதுரம் ஆர்க்டிக் பெருங்கடலில் உள்ளதால் குழப்பம் நேர்வதில்லை.

பிற பொழுதுபோக்குகளில்

இத்தகைய சுருக்கங்கள் பிற பொழுதுபோக்குகளிலும் காணப்படுகின்றன. தொடர்வண்டி ஆர்வலர்கள் கோயம்புத்தூரை சி.பி.இ. என்றும், மேட்டுப்பாளையத்தை எம்.டி.பி. என்றும், ஈரோட்டை இ.டி. என்றும் இந்திய இரயில்வேயின் நிலையக் குறிகளால் வழங்குகின்றனர். டபிள்யூ.ஏ.பி.-7 என்ற இயந்திரப் பெயரில் முதல் எழுத்து அகலப்பாதையையும், இரண்டாவது மாறுதிசை மின்னோட்டத்தையும், மூன்றாவது பயணிகள் வண்டியையும் குறிக்கிறது. அஞ்சல்தலை சேகரிப்போரிடையே எப்.டி.சி. என்பது முதல்நாள் உறை ஆகும்.

ஒரே சுருக்கம் துறைக்குத் துறை பொருள் மாறுவதும் உண்டு. எஸ்.எல்.ஆர். என்பது ஒளிப்படக் கலையில் ஒற்றை வில்லைக் கருவியையும், தொடர்வண்டித் துறையில் இரண்டாம் வகுப்பு இருக்கைகளும் சரக்கறையும் சேர்ந்த பெட்டியையும் குறிக்கிறது. தொடர்வண்டிகளைப் படமெடுப்பவர் இரு பொருளிலும் அதனைக் கையாள நேரிடும்.

புதியவர்களும் சுருக்கக்குறிகளும்

சுருக்கக்குறிகள் உள்ளிருப்போரை நெருக்கமாக்குவது போலவே வெளியிலிருப்போரைத் தயங்கவும் வைக்கின்றன. குறிகள் அனைத்தும் ஆங்கில எழுத்துகளில் அமைந்தவை என்பதால், தமிழ்வழியில் பயிலும் மாணவருக்கு இவை இரட்டைச் சுமையாகத் தோன்றக்கூடும். எனினும் கற்க வேண்டிய அளவு பெரிதன்று. மேலே பட்டியலிட்டவற்றை அறிந்தாலே பெரும்பாலான உரையாடல்களைப் பின்தொடர இயலும். கியூ குறிகளுக்கு ஆங்கிலச் சொல் எதுவும் விரிவாக இல்லை என்பதும் ஒரு நன்மை. கியூ.டி.எச். என்பதை "இருப்பிடம்" எனத் தமிழிலேயே நேரடியாக மனத்தில் இருத்தலாம்; ஆங்கிலம் வழியாகச் செல்லத் தேவையில்லை.

புதியவருக்கு மிகப் பயன்படும் குறி கியூ.ஆர்.எஸ். ஆகும். "மெதுவாக அனுப்புக" என்ற இவ்வேண்டுகோளைப் பெற்றவர், எவ்வளவு தேர்ச்சியுடையவராயினும், கேட்பவரின் வேகத்துக்கு இறங்கி வருவது நன்னடத்தை எனக் கருதப்படுகிறது. புரியவில்லை என்று சொல்வதற்கும் பட்டியலிலேயே இடம் இருப்பது இக்குறிமுறையின் சிறப்புகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

- அமெச்சூர் வானொலி
- மோர்ஸ் குறியீடு
- தந்தி
- சுருக்கெழுத்து
- 2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை
- அன்னூர்